கடைசிப் பந்திக்கு நின்றவள்

பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கும் கடிதம் இல்லை இது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் செய்து ஒரு யோசனை கேட்டாய். "பாக்கலன்னு சொல்லிடு பாப்பா, யாருக்குத் தெரியப்போவுது" என்று நான் சொன்னேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீயும் "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்த யோசனையை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போது நீ "ஒரு நிமிஷம்பா" என்று யாரிடமோ இங்கிலீஷில் பேசிவிட்டு வருவாய். அதற்குள் எனக்கிருக்கும் தைரியம் கொல்லைப்பக்கமாகப் போய்விடும். இந்தக் கடிதத்தின் நகல் இன்னும் இரண்டு பேருக்குப் போகிறது. யார் யாருக்கு என்று பின்னால் சொல்கிறேன். அதனால் இதில் இனி ரகசியம் எதுவும் இல்லை.

உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் பெருமை உனக்குத் தெரியாதது இல்லை. பாண்டிச்சேரியில் நர்ஸ் படிப்பை முடித்து வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனவள், நர்ஸுகளுக்காகப் பேசப்போய், கவுன்சிலராகி, அந்த நாட்டு பார்லிமென்டுக்கே போய் உட்கார்ந்தாய். இரண்டு வருஷம் மந்திரியாகவும் இருந்தாய். அப்போது உன் பெரியப்பா பிள்ளைகள் பாகூர் கடைத்தெருவில் வைத்த பேனரில் உன் படம் சின்னதாகவும் அவர்கள் படம் பெரியதாகவும் இருந்தது. டீக்கடையில் எனக்கு "லண்டன் மந்திரி அப்பா" என்று பெயர். உன் ஊர் லண்டன் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன். "பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, நம்ம தெருவுக்கு ரோடு போடட்டும்" என்று ஒருவர் மனுவே எழுதிக்கொண்டு வந்தார்.

அப்புறம் தேர்தலில் தோற்று, நீ முதலில் கவுன்சிலராக இருந்த நகரத்துக்கே திரும்பி, துணை மேயராகி, வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துக்கொண்டாய். இங்கே எல்லோருக்கும் துக்கம். மந்திரியாக இருந்தவள் முனிசிபாலிட்டிக்கு வந்துவிட்டாளே என்று. கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தல் நடப்பதே அபூர்வமான ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை எங்கே தெரியும்? எனக்கு அப்போதுதான் சந்தோஷம் அதிகம். நான் பார்த்த வேலையின் பெரிய உருவம் அது. சாக்கடை, குடிதண்ணீர், வீடு. மந்திரிக்கு ஜனங்கள் தூரத்தில் இருப்பார்கள். கொம்யூன் ஆபீஸ்காரனுக்குக் கேட்டிலேயே வந்து நிற்பார்கள். இப்போது கட்சி உன்னை மேயர் தேர்தலுக்கே நிறுத்தப்போகிறது. இந்த நேரத்தில்தான் அந்த விஷயம்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். ஒரு பழைய மாடிக் கட்டிடம், எல்லாம் ஏழை ஜனங்கள். வீடுகளைச் சூடாக்கும் பாய்லரின் புகைக்குழாயில் விரிசல், ஆட்களை உடனே வெளியேற்றிவிட்டுச் சரிசெய்யுங்கள் என்று என்ஜினியர் எழுதிய கடிதம் உன் மேஜைக்கு வந்தது. அந்த வாரம் புது டிராம் பாதைக்குத் திறப்பு விழா. பெரியவர்கள் எல்லாம் வருகிறார்கள். அத்தனை குடும்பத்தையும் பெட்டி படுக்கையோடு தெருவில் நிறுத்தினால் டிவிக்காரர்கள் டிராமை விட்டுவிட்டு அங்கே போய்விடுவார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று உன் ஆபீஸ் பெண்ணிடம் வாயால் சொன்னாய். அந்த வாரத்திலேயே அந்தக் கட்டிடத்தில் ஒரு கிழவர் விஷப்புகை ஏறி, படுத்த இடத்திலேயே போய்விட்டார். பதினைந்து நாளில் விசாரணை. கடிதத்தை எப்போது பார்த்தாய் என்றுதான் முதல் கேள்வி வரும். அந்தப் பெண் கொடுத்தேன் என்கிறாள், கொடுத்ததற்கோ நீ சொன்னதற்கோ எழுத்தில் எதுவும் இல்லை. நீ பார்க்கவில்லை என்றால் பழி அவள் தலையில்.

"ஒரு வாரந்தாம்பா தள்ளிப்போட்டேன்" என்றாய். அதைக் கேட்டதும்தான் அந்த யோசனையைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட யோசனை அது, அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்துவிட்டது.

உன் மஞ்சள் நீராட்டு விழா ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பாய். போன மாதம்கூடத் தேர்தல் நோட்டீசில் போடத் தாவணி கட்டிய படம் ஒன்று வேண்டும் என்றாய். கரையான் அரித்துவிட்டது என்றேன். பொய். பீரோவின் மேல்தட்டில் உன் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

உனக்குப் பதிமூன்று வயது. ஐப்பசி மழை. ஆனால் அன்று காலையில் நம் ஊரில் தூறல்தான். நான் கொம்யூன் ஆபீசில் மேற்பார்வை வேலையில் இருந்தேன், ஓவர்சியர் என்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையோரத் தெருவுக்கு மைக்கில் அறிவிப்பது என் பொறுப்பு. மைக்செட்காரர் நம் பக்கத்துக்கே ஒருவர்தான். கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான். ஆபீஸ் அறிவிப்புக்கும் அதையே ரிக்‌ஷாவில் கட்டி அனுப்புவோம். அன்று அந்தக் குழாய் நம் வீட்டுத் தென்னைமரத்தில் பாடிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு கோதண்டம் சைக்கிளில் வந்தான். ஆபீஸ் பியூன். உனக்கு ஞாபகம் இருக்கும், மெலிந்த ஆள், உன்னை சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறான். மூச்சு வாங்க என்னை ஓரமாக அழைத்தான்.

"சார், மேல அணைய தொறந்துட்டாங்களாம். போன் வந்துச்சி. கரையில இருக்கறவங்கள ஒடனே ஏத்தணும்ன்றாங்க" என்றவன், தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்தான். "இத இறக்கிடலாமா சார்?"

"மாமன் சீரே இன்னும் வந்து சேரல. பந்தி முடியட்டும்" என்றேன்.

"அதுக்குள்ள வந்துட்டா?"

"நான் பாக்காத தண்ணியா கோதண்டம்? இங்க வர பொழுது சாயும். நீ ஒக்காந்து சாப்புடு."

அவன் சாப்பிடவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வேலியோரமாகவே நின்றான். உன் அம்மா மஞ்சள் கையோடு வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அங்கேயே நின்று ஒன்று கேட்டாள்.

"மைக்கு எதுக்குங்க? அந்தத் தெருக்காரங்க எல்லாரும் நம்ம கேட்டாண்டதான நிக்கிறாங்க. வாயால சொல்லுங்களேன்."

நின்றுகொண்டுதான் இருந்தார்கள் பாப்பா. நம் நிலத்தில் நாற்று நடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள். அவர்களுக்குக் கடைசிப் பந்தி. சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்களுக்கு இலை. நாம் அப்படித்தான் வைத்திருந்தோம். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் ஓடுவார்கள். அவர்கள் ஓடினால் விருந்தாளிகளும் எழுந்திருப்பார்கள். நெட்டப்பாக்கத்திலிருந்து மேளத்தோடு வந்துகொண்டிருந்த உன் மாமன், தகவல் தெரிந்தால் வழியிலேயே திரும்பிவிடுவார். ஓவர்சியர் வீட்டு விசேஷத்தில் பாதியில் பந்தி கலைந்தது என்று ஊர் பேசும். "இன்னிக்கி இன்னா நாளுன்னு தெரியுமா ஒனக்கு? பேசாம போ" என்று உன் அம்மாவை விரட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் அஞ்சலை இருந்தாள். உன்னை உட்கார வைத்திருந்த அத்தனை நாளும் உளுந்தங்களிக்கு உளுந்து ஆட்டிக் கொடுத்தவள் அவள்தான். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. நான் கேட் பக்கம் போனபோது கேட்டாள்.

"எங்க பந்தி எப்போங்க ஐயா? புள்ள ஜுரமா படுத்துகினு இருக்குது. கொஞ்சம் பாயசம் எடுத்துகினு ஓடிர்றன்."

"ஆவும் ஆவும். நில்லு" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். வீட்டில் ஜுரத்தோடு கிடந்த பிள்ளைக்கு உன் வயதுதான்.

உன் மாமன் வந்தார். சீர்த்தட்டு உள்ளே போனது. உனக்கு மாலை போட்டார்கள். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். எனக்குக் கண் கலங்கியது, அது சந்தோஷத்தில்தான். அதையும் சொல்லிவிட வேண்டும், அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கடைசிப் பந்தி முடிந்து குழாயை இறக்கி ரிக்‌ஷாவில் கட்டும்போது மணி மூன்று. மேலே பெய்த மழையும் சேர்ந்துகொண்டதால் தண்ணீர் என் கணக்குக்கு நிற்கவில்லை. ரிக்‌ஷா போவதற்கு முன்பே தெருவுக்குள் வந்துவிட்டது. அஞ்சலை போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு. பிள்ளையைத் தூக்கி மோட்டார் கொட்டகையின் மேல் ஏற்றிவிட்டாள். கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனாள். இரண்டு நாள் கழித்து சோரியாங்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லையில் கிடைத்தாள். தூக்கு தனியாகக் கிடைத்தது. மூடி இறுக்கமாகவே இருந்தது. திறந்து பார்த்தவர்கள் உள்ளே பாயசம் அப்படியே இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் மோசம். விசாரணைக்கு வந்த அதிகாரி தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. வாயால் வந்த தகவல், வாயால் சொன்ன பதில். "மூணு மணிக்கு சார். கோதண்டம் லேட்டாதான் கொண்டாந்தான்" என்றேன். கோதண்டம் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். அவனை உள்ளே கூப்பிட்டு ஏன் தாமதம் என்று கேட்டார்கள். தாமதமா என்று கேட்கவில்லை, ஏன் என்றுதான் கேட்டார்கள். பியூன் பேச்சு ஓவர்சியர் பேச்சுக்கு முன்னால் எடுபடாது என்று அவனுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டான். முதலில் சஸ்பெண்ட், அப்புறம் காரைக்காலுக்கு மாற்றல். ஓய்வு பெறும்வரை அவன் ஊர்ப்பக்கம் வேலைக்குத் திரும்பவில்லை. நான் இரண்டு பதவி உயர்வு வாங்கினேன். நீ படித்த படிப்பு அந்தச் சம்பளத்தில்தான்.

நான் மத்தியானம் சாப்பிடுவதில்லை என்று என்னைக் கேலி செய்வாய். "அப்பாவுக்கு டயட்டு" என்பாய். டயட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. இலையோ தட்டோ என் முன்னால் வைத்ததும் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. வெயில் கொளுத்தும் நட்ட நடு மத்தியானத்தில், எல்லாம் பளிச்சென்று தெரிகிற நேரத்தில், அவள் தூக்கோடு வந்து நிற்கிறாள். திட்டுவதில்லை, அழுவதில்லை. எங்க பந்தி எப்போங்க என்கிறாள். நான் நில்லு என்கிறேன். கேட்டை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன். போன தடவை தாழ்ப்பாளே வைக்கவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது.

உன் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதன்பிறகு நம் வீட்டு விசேஷம் எதிலும் வாசலில் நிற்பவர்களுக்கு முதல் இலை போடாமல் அவள் யாரையும் உட்கார விடவில்லை. உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்ததற்குக் காரணம் அதுதான். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ விமானத்தில் வந்துகொண்டிருந்த நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ இன்னும் நின்னுகினே இருக்கா. ஒக்கார சொல்லுங்க" என்றாள். மயக்கத்தில் பேசுகிறாள் என்று டாக்டர் சொன்னார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அஞ்சலை தனியாக வருவதில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். முகம் தெரியவில்லை, நான் பார்த்திராத முகம்தானே. நம் ஊர் வெயிலில் கோட்டோடு நிற்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருக்கிறது. அவர் எதுவும் கேட்பதில்லை. நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

அதனால் வியாழக்கிழமை பஸ் பிடித்து மணப்பட்டுக்குப் போனேன். கோதண்டம் அங்கே மகன் வீட்டில் இருக்கிறான். கடலைப் பார்த்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன், என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றான். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கோதண்டம், அன்னிக்கி நீ பத்தரைக்கே வந்துட்ட. நான்தான்…"

"அதான் எனக்குத் தெரியுமே சார்."

"எழுதித் தர்றன். யார்கிட்ட வேணா காட்டு."

அவன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். "எழுதி இன்னா பண்றது சார்? நான் வழியில எங்கியோ குடிச்சிட்டு நின்னுட்டன்னுதான் எம் பொண்டாட்டி நெனச்சிகினு இருந்தா. சாவுற வரைக்கும் அப்படித்தான். அவளுக்குப் படிச்சிக் காட்ட முடியுமா?" என்றான். பிறகு மகனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னான். கிளம்பும்போது, "எழுதறதா இருந்தா எழுதுங்க. புள்ளைங்களாவது படிக்கட்டும்" என்றான். முதல் நகல் அவன் பிள்ளைகளுக்கு.

இரண்டாவது நகல் அஞ்சலையின் மகளுக்கு, அன்று ஜுரத்தில் கிடந்தவளுக்கு. சோரியாங்குப்பம் ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கிறாள். அங்கே பல வருஷமாக இட்லி வாங்குகிறேன். ஐயா என்று கூப்பிட்டுக் கேட்காமலே சட்னி கூடுதலாகக் கட்டிக் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், பொட்டலத்தோடு திரும்பி வருவேன். நாளைக் காலை கூட்டம் குறைந்ததும் போகிறேன். கையில் இருக்கும் தோசைக் கரண்டியால் அடித்தால் வாங்கிக்கொள்வேன். அவளுக்கு இதைப் படித்துக்காட்டிவிட்டுத்தான் உனக்குத் தபாலில் போடுவேன். அதற்கு முன் உனக்கு அனுப்பிவிட்டால் அவளிடம் போக எனக்குப் பயம் வந்துவிடும்.

இப்போது உன் விஷயம். உன் ஆபீஸ் பெண்தான் கோதண்டம். அவள் பெயரை நீ ஒரு தடவைகூட எனக்குச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாயா? முதல் கேள்வியிலேயே சொல்லிவிடு. பார்த்தேன், நான்தான் தள்ளிப்போட்டேன், இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போட்டேன் என்று டிராமையும் சேர்த்துச் சொல். வக்கீல் சொல்லும் வார்த்தையைப் போட்டு மழுப்பாதே. மேயர் பதவி போய்விடும். போகட்டும் என்று சுலபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அந்தப் பேனர் கனவு எனக்கும் இருந்தது. நீ முன்பு தோற்றபோது இங்கே வந்து பதினைந்து நாள் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தாய். மறுபடியும் வா. செடி இருக்கிறது.

சொல்லிவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். எனக்குத் தெரியாது, நான் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். உனக்கு நான் விட்டுப்போகும் சொத்தில் இது சேரக்கூடாது. ஏற்கெனவே கொஞ்சம் வந்துவிட்டதோ என்றுதான் பயமாக இருக்கிறது. தள்ளிப்போடச் சொல்லி உனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் வாயால் கற்றுத்தரவில்லை. ஆனாலும் என் வார்த்தை உன் வாயில் வந்துவிட்டது.

நீ கேட்ட படத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். ஆல்பத்தில் முதல் படம், சீர் வருவதற்கு முன்பு எடுத்தது. தாவணியில் நீ அழகாக இருக்கிறாய். நோட்டீசில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் ஒரு தடவை உன்னை விட்டுவிட்டு உன் தோளுக்குப் பின்னால் பார். கேட் தெரியும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்பது நான். கேட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கோடு நிற்பவள்தான் அஞ்சலை. ஏதோ கேட்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரியும். அப்போது மணி பதினொன்று இருக்கும். தண்ணீர் இன்னும் எங்கேயோ இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும்.

அப்பா